கட்டாத மண்டபத்துக்கு வெள்ளிப் பதக்கம்

கட்டாத கட்டிடத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வடிக்காத சாதத்தை யாராவது பரிமாறுவார்களா, இது என்ன கூத்து என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்லுவார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நல்ல செய்தி வந்தால் முதலில் பயப்படுகிற பேர்வழி நான்.

மைசூரில் தசராவை ஒட்டி நடக்கும் பொருட்காட்சியில் எல்லாவற்றுக்கும் பரிசு உண்டு. பட்டுக்கு உண்டு, சந்தன வேலைக்கு உண்டு, பூசணிக்காய்க்கும் கறவை மாட்டுக்கும்கூட உண்டு. அந்த வரிசையில் சில வருஷமாக இதையும் சேர்த்திருந்தார்களாம். வருங்கால மைசூருக்கு ஒரு கட்டிடம், இன்னும் கட்டாதது, இனிமேல் கட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவது. அதைக் காகிதத்தில் வரைந்து, கூடவே ஒரு மாதிரியும் செய்து கொண்டுவர வேண்டும். முதலாவதாக வருவதற்கு வெள்ளிப் பதக்கம்.

என் வீட்டுக்காரர் இன்ஜினீயர் ஆபீசில் கட்டிடப் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மன். ஊரில் பாதிக் கட்டிடங்கள் முதலில் அவர் மேஜைமேல்தான் நின்றன என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் காகிதத்தின் வலது மூலையில் கையெழுத்துப் போடுகிறவர் எப்போதும் வேறொருவராக இருப்பார். ஏதாவது ஒரு தெரு வழியாகப் போகும்போது, "இந்த வளைவு நான் போட்டது" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுவார். நான் "ரொம்ப சந்தோஷம், வேகமா நடங்கோ" என்பேன். அவருக்கு அந்த மூலையில் ஒருதடவையாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லுகிறேன்.

எங்கள் வீடு அக்ரஹாரத்தில், பெருமாள் கோயில் இருக்கும் சின்னத் தெருவில் இருந்தது. தெருக் கோடியில் கோயில், பக்கத்தில் அரசமரம், இரண்டு பக்கமும் தோளோடு தோள் இடிக்கிற வீடுகள். எங்கள் எதிர்வீட்டுக்காரியை நான் மன்னி என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை; என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. பிறந்த ஊர் மேல்கோட்டை. அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு. தெருவில் எல்லார் வீட்டிலும் கிணறு உண்டு, உப்புக் கரிக்கும். மன்னி வீட்டுக் கிணறு மட்டும் இளநீர். அந்தக் கிணற்றிலிருந்துதான் தினமும் பெருமாளுக்குத் திருமஞ்சனத் தீர்த்தம் போகும். மன்னியின் மாமனாருக்கு அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் கைங்கரியம் அது. விடிந்ததும் அவள் குளித்து, ஈரப்புடவையோடு பித்தளைக் குடத்தில் நிரப்பி வைப்பாள். கோயில் ஆள் வந்து எடுத்துப் போவான். ஊர் எல்லாம் சுற்றினாலும் காலையில் கிணற்றடியில் இருக்க வேண்டும் என்று பிறந்த வீட்டில்கூட ஒரு ராத்திரி தங்குவதற்கு யோசிப்பாள். வேறு சொத்து என்று பெரிதாக இல்லை. அவள் கணவர் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவர். மன்னிக்கு உலகத்தில் ஒரு கர்வம் இருந்தது என்றால் அந்தக் கிணறுதான்.

பரிசு விஷயத்தை நான் மன்னியிடம் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கட்டாததுக்கு மெடலா? அப்படின்னா எங்கூர் மலையில கல்லு அடுக்கறவாளுக்கெல்லாம் குடுக்கணும்டி. முதல்ல எனக்குக் குடுக்கச் சொல்லு."

மேல்கோட்டையில் நரசிம்மர் மலைக்கு ஏறுகிற வழியில் சின்னச் சின்னக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அடுக்குவது. மன்னி கல்யாணத்துக்கு முன்னால் அடுக்கினாளாம். "வீடுதான் கேட்டேன், கெணத்தோட குடுத்தார்" என்று அடிக்கடி சொல்லுவாள். சாவியை அவளிடம் நேரிலேயே நரசிம்மர் கொடுத்ததுபோல இருக்கும் அவள் பேச்சு.

போட்டிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கட்டிடம் கற்பனையாக இருக்கலாம், இடம் கற்பனையாக இருக்கக் கூடாது. ஊருக்கு வெளியே காலி மேட்டில் யார் வேண்டுமானாலும் மண்டபம் வரைந்துவிடலாம். ஊருக்குள்ளேயே இடம் கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம் என்று நினைத்தார்களோ என்னவோ. மைசூருக்குள் நிஜமான ஓர் இடம், நீள அகலமும் மேடு பள்ளமும் சரியாக அளந்து காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் யோசித்தார். வேறு தெருவில் போய் சங்கிலியை இழுத்தால், யார் நீ, எதுக்கு அளக்கிறே என்று சண்டைக்கு வருவார்கள். பிளேக் வந்துபோன நாளிலிருந்து ஜனங்களுக்கு அளக்கிற ஆளைக் கண்டால் ஆகாது, அளந்துபோனால் பின்னாலேயே இடிக்க வருவார்கள் என்ற பயம். ஆபீசில் இதற்கென்று உத்தரவு தர மாட்டார்கள். தன்னை யாரும் கேள்வி கேட்காத தெரு ஒன்றே ஒன்றுதான் அவருக்கு இருந்தது. அது எங்கள் தெரு.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சர்வே சங்கிலியையும் மேடு பள்ளம் பார்க்கிற ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு இறங்குவார். தெருவே வேடிக்கை பார்த்தது. சங்கிலியின் மறுநுனியைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அதற்கு மன்னியின் கணவர் வந்தார். பேச்சுக்காரர். "ஓய், நம்மாத்து வாசலையும் சேத்து அளந்துக்கும். பின்னாடி எங்களை விட்டுட்டேன்னு சொல்லப்படாது" என்று சங்கிலியை இழுத்துக்கொண்டு போவார். மன்னி கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, கிணற்றின் ஆழத்தையும் கயிறு போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அளந்து முடிந்ததும் காப்பி கொடுத்தாள். அந்தக் காப்பியை என் வீட்டுக்காரர் குடித்தார்.

பிறகு மாசக் கணக்கில் எங்கள் கூடத்தில் நடக்க இடம் இல்லை. பலகையும் காகிதமும் பசைக் கிண்ணமும். அவர் வரைந்தது ஒரு பெரிய மண்டபம். ஒரு பக்கம் சங்கீத சபை, மறுபக்கம் புத்தகசாலை, நடுவில் கும்பம் வைத்த கோபுரம், சுற்றிலும் பூங்கா. உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது. எனக்கே, இப்படி ஒரு இடத்தில் சாயங்காலம் காற்றாட உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. புது மண்டபத்துக்குச் சிவப்பு மை, கோயிலுக்கும் மரத்துக்கும் கறுப்பு, மற்ற இடமெல்லாம் லேசான மஞ்சள் பூச்சு.

"ஏன்னா, என்னத்துக்கு இவ்வளவு மஞ்சள்?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் வழக்கம்" என்றார். தலை நிமிரவில்லை.

மங்களமாகத்தான் இருக்கிறது என்று நான் போய்விட்டேன். வரைந்து முடித்தபின் முதலில் அட்டையில் ஒரு மாதிரி செய்து பார்த்தார். அது சரியாக வந்ததும் கருங்காலி மரத்தில் பெரிதாக ஒன்று செய்து பொருட்காட்சிக்கு அனுப்பினார். அட்டை மாதிரி வீட்டிலேயே தங்கிவிட்டது.

நவராத்திரி ஆரம்பிப்பதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. முதல் பரிசு அவருக்குத்தான். பதக்கத்தை விஜயதசமி கழிந்து ஒரு நாள் மேடையில் கொடுப்பார்கள். அவர் செய்தியை இரண்டு தடவை சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். அந்த வருஷம் கொலுப்படிக்குக் கீழே தரையில் பூங்கா வைக்கும் இடத்தில் அந்த அட்டை மண்டபத்தை வைத்தேன். ராகி விதைத்து முளைக்கவிட்ட புல்லைச் சுற்றிலும் வைத்தேன். அவர் மெழுகில் செய்திருந்த கோயிலையும் அரசமரத்தையும் அதனதன் இடத்தில் நிறுத்தினேன். மேல்படியில் எனக்குக் கல்யாணத்தில் கொடுத்த பட்டத்து பொம்மைகள், மரத்தில் செய்த ராஜாவும் ராணியும், அந்த மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த பெண்கள் எல்லாரும் படியை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து நடந்தேன்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் மன்னி வந்தாள். கொலுவுக்கு வந்தவர்களைப் பாடச் சொல்வது வழக்கம். மன்னிக்கு நல்ல குரல். தரையில் கொலுவுக்கு எதிரே உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். நான் சுண்டல் எடுத்துவர உள்ளே போனேன். பாதியில் பாட்டு நின்றுவிட்டது. இருமல் வந்திருக்கும் என்று தண்ணீரோடு வெளியே வந்தேன். மன்னி இருமவில்லை. குனிந்து மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இது நம்ம பெருமாள் கோயில்தானே?"

"ஆமா மன்னி."

"இது நம்ம அரசமரம்."

"ஆமா."

"அப்போ நாமெல்லாம் எங்கே?"

நானும் குனிந்து பார்த்தேன். தினமும் அதைத் தூசி தட்டியவள் நான். கோயில் இருக்கிறது, மரம் இருக்கிறது, அவற்றுக்கு நடுவே நாங்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ராகிப் புல் முளைத்திருக்கிறது. என் வீடும் இல்லை. நான் நிற்கிற கூடம் அந்த மண்டபத்தின் படிக்கட்டுக்கு அடியில் போயிருந்தது. மன்னி ஒரு விரலை நீட்டி, புல்லுக்கு நடுவே வட்டமாக இருந்த ஒரு சின்னத் தொட்டியைக் காட்டினாள்.

"இது என்ன?"

"தண்ணி மேலே பீச்சுமாம் மன்னி. அழகுக்கு."

"இது என் கெணறு இருக்கற எடம்டி."

அவள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டாள். கொலுவுக்கு வந்துவிட்டு மஞ்சள் குங்குமம் வாங்காமல் போகக் கூடாது, அதனால் வாங்கிக்கொண்டாள். சுண்டலை வாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்து கால் கழுவுவதற்குள் பிடித்துக்கொண்டேன். இருந்த கோபம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முதலில் புரியாமல் விழித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார், அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவில்லை.

"புதுசு வரையணும்னா பழசை விட்டுட்டுத்தான் வரையணும். சட்டமே கட்டாத கட்டிடம்னுதானே இருக்கு. முன்னாடி ஜெயிச்சதுல ஒண்ணையாவது கட்டினாளா, சொல்லு? வெறும் காகிதம்."

"வெறும் காகிதத்துல நம்மாத்தையே காணோமே. உங்களுக்குக் கை வந்துதா?"

அவர் கொலுவுக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, "வரையறச்சே அது நம்ம தெருவாவே தெரியலை" என்றார். அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. உண்மையாக இருந்ததால் இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் மன்னி தானே வந்தாள். அவரிடம் நேராகப் பேசமாட்டாள், கதவோரம் நின்று என்னைப் பார்த்தபடியே அவருக்குச் சொன்னாள். "பரிசு வேண்டாம்னு சொல்லிட்டு அந்தப் பிளானைத் திருப்பி வாங்கிண்டுடச் சொல்லு. வேற எதையாவது அடுத்த வருஷம் போடலாம். என் கெணத்து மேல யாரும் கண்ணு வைக்க வேண்டாம்." கெஞ்சவில்லை, பால்காரனிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற குரல்தான். அவர், "பயப்படாதேங்கோ மன்னி, ஒரு செங்கல்கூட அசையாது" என்றார். மனசாரத்தான் சொன்னார். ஆனால் திருப்பி வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. அந்த வலது மூலையில் அவர் பெயர் இருந்தது.

பதக்கம் கொடுக்கிற அன்று நானும் பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டபம் பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றிக் கூட்டம். தலைப்பாகை கட்டிய ஒரு பெரிய ஆபீசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன்முன் வெகுநேரம் நின்றார். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இது எந்தத் தெரு என்று கன்னடத்தில் கேட்டார். இவர் சொன்னார். அளவெல்லாம் சரியா என்று கேட்டார். அங்குலம் தப்பாது என்று இவர் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுச் சுவரிலும் எதிர்வீட்டுச் சுவரிலும் இடிக்கிற வீட்டுக்கு வைக்கிற மாதிரி சுண்ணாம்பால் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஆபீசிலிருந்து வந்த ஆட்கள் கையில் சங்கிலி இல்லை. ஏன் அளக்கவில்லை என்று மன்னியின் கணவர் கேட்டார். அதற்கு அவர்களில் ஒருவன், "அளவு எல்லாம் முன்னாடியே சுத்தமா இருக்கு சுவாமி, மறுபடி என்னத்துக்கு" என்றான். மன்னியின் கணவர் அன்றைக்கு வாயை மூடியவர்தான். அப்புறம் அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் பயந்துபோய் அந்தப் பெரிய ஆபீசரைப் பார்க்கப் போனார். இடத்தை மாற்றி வரைந்து தருகிறேன், இதே மண்டபத்தைக் குளக்கரைக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிப் பார்த்தாராம். ஆபீசர் தோளில் தட்டிக் கொடுத்து, உன் அடக்கத்தை மெச்சுகிறேன் என்றாராம். அதை வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகம் சாம்பலாக இருந்தது.

வேறொன்றும் நடக்காமல் இருந்தால் அந்தப் பிளான் ஆபீஸ் பெட்டியிலேயே கிடந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எலி செத்து விழ ஆரம்பித்தது, மறுபடியும் பிளேக். முதலில் பக்கத்துத் தெருவில், பிறகு எங்கள் தெருவில் அரசமரத்தடியில். எலி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். பாத்திரம் பண்டத்தோடு ஊருக்கு வெளியே மைதானத்தில் போட்ட கொட்டகைக்குப் போக வேண்டும். போகும் வழியெல்லாம் மன்னி கோயில் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தான் இல்லாத நாளிலும் தன் கிணற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும், கொல்லைச் சாவி அரசமரத்துப் பிள்ளையார் பின்னால் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கொட்டகையில் இருக்கும்போதுதான் ஆபீஸ் ஆள் வந்தான். நெருக்கமான தெருக்களை எல்லாம் இடிக்கப்போகிறார்கள், வியாதி தங்குகிற இடங்கள் என்றான். சுற்றிலும் பத்துத் தெருக்காரர்கள் அங்கே இருந்தோம். எங்களைவிட நெருக்கமான தெருக்கள் இருந்தன, எங்களைவிட அதிகம் பேர் செத்த தெருக்கள் இருந்தன. முதலில் எங்கள் தெருதான். ஏன் என்று கேட்டதற்கு, மற்றத் தெருக்களுக்குப் பிளான் போட நாளாகும், உங்கள் தெருவுக்குத்தான் பிளான் தயாராக இருக்கிறதே, பரிசு வாங்கின பிளான் என்றான். சொல்லிவிட்டு அதைத் தரையில் விரித்துக் காட்டினான். மஞ்சளாக இருப்பதெல்லாம் போகிறது என்று ஒரு குச்சியால் சுற்றிக் காட்டினான்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். யாரும் என் வீட்டுக்காரரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான்கூட அன்றைக்கு அவரைத் திட்டவில்லை, அவ்வளவு பயம். மன்னியின் கணவர் மட்டும் பிளானைப் பார்த்தபடி, "மறுநுனியை நான்தான் பிடிச்சேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நாங்கள் கொட்டகையிலிருந்து திரும்பியபோது வியாதி போவதற்காக ஓடுகளைப் பிரித்து வீடுகளுக்குள் வெயில் விட்டிருந்தார்கள். அவை மறுபடி ஏறவில்லை. இடிக்கிற அன்று காலையில் மன்னி வழக்கம்போல் குளித்து ஈரப்புடவையோடு குடத்தை நிரப்பி வைத்தாள். கூரையில்லாத அவள் சமையலறையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் ஆள் வந்து குடத்தை எடுத்துப் போனான். அவள் கிணற்றுக் கைப்பிடிச்சுவரைக் கையால் ஒருதடவை துடைத்துவிட்டு, தாம்புக்கயிற்றைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மத்தியானத்துக்குள் எங்கள் இரண்டு வீட்டுச் சுவர்களையும் அந்தக் கிணற்றுக்குள்தான் தள்ளினார்கள். குழியை நிரப்ப வேறெங்கிருந்தும் மண் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. சுவர் விழுகிற சத்தம் ஒரு மாதிரி, தண்ணீரில் விழுகிற சத்தம் வேறு மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

மண்டபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அந்த ஆபீசர் மாற்றலாகிப் போனார், பிறகு ஜெர்மன் சண்டை வந்தது, இரும்பு கிடைக்கவில்லை என்றார்கள், அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அஸ்திவாரக் கல்கூட நடவில்லை. அந்த இடத்தில் மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிட்டார்கள், தசராவுக்கு வரும் கழைக்கூத்தாடிகள் கூடாரம் போட்டார்கள். பெருமாளுக்குக் குழாய்த் தண்ணீரில் திருமஞ்சனம் நடந்தது. பொருட்காட்சியில் மட்டும் அந்த மரமண்டபத்தைக் கண்ணாடிப் பெட்டியோடு சில வருஷம் எடுத்து வைத்தார்கள். பரிசு வாங்கினதைக் கட்டமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னாரே, அவர் வாதம்தான் ஜெயித்தது. கட்டவில்லை, இடித்ததோடு சரி.

எங்களுக்கெல்லாம் ஊர்க்கோடியில் புது எக்ஸ்டென்ஷனில் மனை கொடுத்தார்கள். வெளிச்சம், காற்று, அகலமான தெரு, ஒன்றும் குறை சொல்லக் கூடாது. மன்னி வீட்டுக்காரர் கடன்பட்டு ஒரு சின்ன வீடு கட்டினார். கிணறு தோண்டிப் பார்த்தார்கள், பாறை. வேறிடத்தில் தோண்டினார்கள், அங்கேயும் பாறை. தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். மன்னி விடியற்காலையில் எழுந்துகொள்வதை மட்டும் விடவில்லை. எழுந்து குளித்துவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். என்னோடு பேச்சு வார்த்தை உண்டு, நல்லது பொல்லாததுக்கு வருவாள். என் வீட்டுக்காரரிடம் கதவோரம் நின்று பேசுகிற பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. அவர் பதக்கத்தை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. கொலுவில் அந்த அட்டை மண்டபத்தை மறுபடி வைக்கவும் இல்லை.

சண்டை முடிந்து மோட்டார் பஸ் விட்ட புதிதில், ஒரு வைரமுடி உற்சவத்துக்கு மேல்கோட்டை போனோம். நாங்கள் இரண்டு பேரும், மன்னியும் அவள் கணவரும். மன்னியின் கணவருக்கு மூச்சு வாங்கியதால் கீழேயே உட்கார்ந்துவிட்டார். மன்னியும் நானும் மலையேறினோம், என் வீட்டுக்காரர் பின்னால் வந்தார். பாதி வழியில் பாறை ஓரம் முழுக்கக் கல் அடுக்குகள். மன்னி நின்றாள். முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து கற்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவாள் என்று பார்த்தேன். அவள் அடுக்கவில்லை. ஒரே அளவான சின்னக் கற்களாகத் தேடித் தேடி வட்டமாக வைத்துக்கொண்டு போனாள்.

"என்ன மன்னி, எல்லாரும் வீடு அடுக்கறா. நீங்க?"

"வீடுதான் கெடச்சுடுத்தே" என்றாள். "இது கெணறு."

என் வீட்டுக்காரர் அதற்குள் மேலே வந்துவிட்டார். வட்டத்தைப் பார்த்தார். ஆயுசு முழுக்கப் பிளான் பார்த்தவருக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வட்டம் மூட ஒரு கல் இடம் பாக்கி இருந்தது. அவர் மெதுவாகக் குனிந்து ஒரு கல்லை எடுத்தார், அளந்து எடுத்ததுபோல் சரியான கல். அதை அந்த இடத்தில் வைக்கக் கையை நீட்டினார்.

மன்னி தலை நிமிரவில்லை. உள்ளங்கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் முதல்தடவையாக, என்னை நடுவில் வைக்காமல், நேராக அவரிடமே சொன்னாள்.

"நீங்க வைக்காதேங்கோ. நீங்க வெச்சா இதுக்கும் பரிசு கெடச்சுடும்."

மேலே நரசிம்மரைச் சேவித்துவிட்டு இறங்கினோம். அந்தக் கல்லை அவர் கீழே போடவில்லை. பஸ் ஏறுகிறவரை அது அவர் கையில்தான் இருந்தது.